சேர், அந்தப் பிளேன ஸ்டார்ட் பண்ணுற ஆரு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு நாள் பத்தாம் ஆண்டு வகுப்பில் நின்றுகொண்டிருந்தோம். சீனன்குடாவிலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று பாடசாலைக்கு மேலால் போனது. வழக்கம்போல பிள்ளைகள் யன்னல் பக்கம் பாய்ந்தார்கள். பாடம் எப்படியும் குழம்பிவிட்டது என்று, "பைலட் ஆக ஆருக்கெல்லாம் விருப்பம்?" என்று கேட்டோம். முக்கால்வாசிக் கை உயர்ந்தது. கை தூக்காத ஒரு பொடியன் எழுந்தான். அவனுடைய வாப்பா வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். "சேர், அந்தப் பிளேன ஸ்டார்ட் பண்ணுற ஆரு? அதுக்குக் கயிறு இழுக்கிறதா, செல்ஃபா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. உண்மையைச் சொன்னால் நாங்களும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அவனுக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் ரைட் சகோதரர்கள் பறந்த ஆண்டு படித்தோம். விமானம் எப்படி மேலெழுகிறது என்று படம் கீறிப் படித்தோம். அதைத் தரையில் நின்று உயிர்ப்பிக்கிற மனிதரைப் பற்றி ஒரு வரியும் படிக்கவில்லை. ஒரு மாதம் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. ஊருக்கும் சேர்த்துச் சொல்கிறோம்.

எங்கள் பக்கத்தில் லேண்ட்மாஸ்டர் ஓட்டியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றும்போது எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். முதலாம் உலகப் போர்க் கால விமானங்களும் அதே சாதிதான். பைலட் உள்ளே இருப்பார். வெளியே ஒரு படைவீரர் மரத்தாலான விசிறியைக் கையால் பிடித்து இழுத்துவிட்டு ஒரே பாய்ச்சலில் விலக வேண்டும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் விசிறி நிற்கிற ஆளைப் பார்க்காது. வழுக்குகிற புல்லில், மழையில், அதிகாலை இருட்டில் இதைச் செய்தார்கள். விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் இருந்தார்கள்.

எஞ்சின்கள் பெரிதாகப் பெரிதாக ஒரு ஆளின் தோள்வலு போதாமல் போனது. அப்போதுதான் பென்ட்ஃபீல்ட் ஹக்ஸ் என்ற ஆங்கிலேய விமானி ஒரு வேலை பார்த்தார். ஃபோர்ட் கம்பனியின் மாடல் டீ வண்டி ஒன்றை எடுத்து, அதன் எஞ்சினிலிருந்து சங்கிலி போட்டு, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு நீண்ட தண்டைச் சுற்றவைத்தார். வண்டியை விமானத்தின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, அந்தத் தண்டின் நுனியை விசிறி நடுவிலுள்ள கொக்கியில் மாட்டுவார்கள். வண்டி சுற்ற, விசிறி சுற்றும். விமான எஞ்சின் பற்றி வேகமெடுத்ததும் தண்டு தானாகக் கழன்றுவிடும். இதுதான் ஹக்ஸ் ஸ்டார்ட்டர். இரண்டாம் போர்க் காலம் வரை சில இடங்களில் ஓடியது.

ஹக்ஸ் 1913இல் விமானத்தை வானத்தில் வட்டமடித்துத் தலைகீழாக ஓட்டிக் காட்டிய முதல் ஆங்கிலேயர். அந்த நாளில் பத்திரிகைகளில் பெரிய பேர். 1918 நவம்பரில், போர் முடியச் சில நாட்கள் இருக்கும்போது, நியூமோனியாவில் இறந்துபோனார். இன்று அவருடைய பெயர் அந்தத் தலைகீழ் வித்தைக்காகச் சொல்லப்படுவதில்லை. தரையில் நின்ற அந்த வண்டிக்காகத்தான் சொல்லப்படுகிறது.

அந்தப் போர் முடிந்த கையோடு பிரித்தானிய விமானப்படைத் தலைவர் ட்ரென்சார்டுக்கு ஒரு பிரச்சினை. விமானம் இருக்கிறது, பைலட் இருக்கிறார், திருத்தத் தெரிந்த கைகள் இல்லை. திறமையான பிட்டர்கள் வெளியே நல்ல சம்பளத்துக்குப் போகிறார்கள். அவர் 15, 16 வயதுப் பையன்களைச் சோதனை வைத்து எடுத்து, மூன்று வருடம் படிப்பித்து, தானே தொழிலாளர்களை உருவாக்கத் தொடங்கினார். லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஹால்டனில் இந்தப் பாடசாலை நிலைபெற்றது. பாதி நாள் வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும், பாதி நாள் பட்டறையில் அரம் பிடித்தல். ஒரு இரும்புத் துண்டைச் சரியான அளவுக்கு அராவி முடிக்கும்வரை அடுத்த பாடம் இல்லை. "ட்ரென்சார்டின் வாண்டுகள்" என்று இவர்களை மற்றவர்கள் கேலியாகக் கூப்பிட்டார்கள். பின்னாளில் அதையே அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வாண்டுகளில் ஒருவன் கொவென்ட்ரி நகரத்து மெக்கானிக் ஒருவரின் மகன். உயரம் போதாது என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடாமல் திரும்ப விண்ணப்பித்து 1923இல் பயிலுநராகச் சேர்ந்தான். பெயர் ஃபிராங்க் விட்டில். 1930இல் ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் அவர்தான். அவருடைய எஞ்சினுடன் பிரித்தானியாவின் முதல் ஜெட் விமானம் 1941 மே 15இல் பறந்தது. ஓ.எல். முடிக்கிற வயதில் அரம் பிடித்த பிள்ளை.

இரண்டாம் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களுக்குத் தரையில் ஒரு சக்கர வண்டி காத்திருக்கும். உள்ளே கனமான ஈய பற்றரிகள். "ட்ரொலி அக்" என்று சொல்வார்கள். அதிலிருந்து வயர் இழுத்து விமானத்தின் பக்கத்தில் குத்தி, ஸ்டார்ட் ஆனதும் கழற்ற வேண்டும். ஸ்பிட்ஃபயரில் அந்தத் துளை சுற்றுகிற விசிறிக்குச் சற்றுப் பின்னால்தான் இருந்தது. அந்தப் பற்றரியை இரவில் சார்ஜ் போட மறந்தவர் இருந்தால் காலையில் விமானம் இல்லை. இதை ஆண்கள் மட்டும் செய்யவில்லை. பெண்கள் துணைப் படையிலிருந்து வந்த பிள்ளைகளும் மெக்கானிக்குகளாக வேலை செய்தார்கள். எங்கள் ஊரில் தொழினுட்பப் பிரிவைப் பெண் பிள்ளைகள் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களுக்காகச் சும்மா சொல்லி வைக்கிறோம்.

இனி எங்கள் வாசலுக்கு வருவோம்.

சீனன்குடா விமானத்தளம் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையிடம் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும், எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று எரிந்ததும், அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் பலருக்குத் தெரிந்த கதை. சீனன்குடாவிலிருந்து அன்று எதிர்த்து எழும்பியவை 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள். தெரியாத கதை, அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது.

1944இல் அமெரிக்கர்களிடம் பி-29 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் இருந்தது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய குண்டுவீச்சு விமானம் போரில் பறக்கவில்லை என்றே சொல்லலாம். நான்கு எஞ்சின். ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், 2,200 குதிரைவலு. ஜப்பான் தன் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் சுமாத்ராவின் பலெம்பாங் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எண்ணெய் எடுத்தது. அதைத் தாக்க வங்காளத்து விமானத்தளங்களிலிருந்து போய்வர முடியாது. நடுவில் ஒரு தரிப்பிடம் தேவை. தெரிவு செய்தது சீனன்குடாவை. ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள். விமானங்கள் நிற்கக் கடினமான தரைகள் போட்டார்கள். எண்ணெய் கொண்டுவரக் குழாய் பதித்தார்கள். ஆகஸ்ட் 10 மாலை 54 பி-29 விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. 39 இலக்கை அடைந்தன. போய்வரக் கிட்டத்தட்ட 4,000 மைல். திரும்பும்போது ஒன்று எண்ணெய் தீர்ந்து கடலில் இறங்கியது. சேதம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பி-29கள் அதன் பிறகு இங்கிருந்து தாக்கப் போகவில்லை. அவ்வளவு வேலையும் ஒரே ஒரு இரவுக்காக.

எங்கள் மூத்தவாப்பா அந்தக் காலத்தில் 'பேஸ்'க்குக் கூலிக்குப் போனவர். துறையில் பாதையில் ஏறி, அக்கரையிலிருந்து நடை. கல் சுமந்தது, பீப்பா உருட்டியது என்று கதை சொல்வார். அதில் ஒன்றை நாங்கள் சின்ன வயதில் நம்பியதே இல்லை. "ஒரு பெரிய வெள்ளிப் பிளேன் நிண்டிச்சு. வெள்ளைக்காரப் பொடியன்மார் வரிசையா நிண்டு அதுட விசிறியக் கையால தள்ளித் தள்ளிச் சுத்தினானுகள். எஞ்சின் இல்லாத பிளேனாக்கும் எண்டு நெனச்சன்" என்பார். அவ்வளவு பெரிய விமானத்தைக் கையால் சுற்றுவார்களா, வாப்பா கதை கட்டுகிறார் என்று வாப்பாவே சிரிப்பார். (எங்கள் வாப்பா அவரையும் வாப்பா என்றுதான் சொல்வார், குழம்ப வேண்டாம்.)

அவர் சொன்னது உண்மை. பி-29இன் எஞ்சின் வட்டமாகச் சிலிண்டர்கள் அடுக்கப்பட்டது. நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் ஒயில் மெல்ல வடிந்து கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், ஒயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே உள்ள தண்டு வளைந்துவிடும், அல்லது சிலிண்டரே உடையும். அதனால் புறப்படுவதற்கு முன் தரை ஊழியர்கள் ஒவ்வொரு எஞ்சினின் விசிறியையும் இதழ் இதழாகப் பலமுறை கையால் தள்ளிச் சுற்றுவார்கள். எங்காவது கை இறுகினால், தள்ளாமல் நிறுத்தி ஒயிலை வடிக்க வேண்டும். அந்த "இறுக்கத்தை" எந்த மணியும் எந்த முள்ளும் காட்டாது. கைதான் சொல்லும்.

இதை வாசித்த இரவு எங்களுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மூத்தவாப்பா மௌத்தாகி இருபது வருடத்துக்கு மேல். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனை.

ஜெட் காலம் வந்ததும் விசிறி போய்விட்டது, கைத்தள்ளல் போய்விட்டது. தரையிலுள்ள வேலை குறையவில்லை, கூடியது. அமெரிக்க விமானப்படையில் இதற்கென்றே ஒரு தனித் தொழில் இருக்கிறது. விமானத்தை அவர்கள் திருத்துவதில்லை. விமானத்துக்குத் தேவையான தரைச் சாதனங்களைத் திருத்துகிறார்கள். முன்பு இலினோய் மாநிலத்தில் ஷனூட் என்ற தளத்தில் படிப்பித்தார்கள். அது 1993இல் மூடப்பட்டது. இப்போது டெக்சஸ் மாநிலத்தின் ஷெப்பர்ட் தளத்தில் படிப்பிக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த 18, 19 வயதுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். பயிலுநராகத் தொடங்கி, தேர்ந்த தொழிலாளி, பிறகு கைதேர்ந்தவர் என்று படிப்படியாக ஏறுகிறார்கள். "தரையில் வலு இல்லாவிட்டால் வானத்தில் வலு இல்லை" என்பது அவர்களுக்குள் ஓடும் பேச்சு.

அவர்கள் கையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தபோது எங்களுக்கே மலைப்பாக இருந்தது. டீசல் எஞ்சின், சிறிய டர்பைன் எஞ்சின், ஜெனரேற்றர், கம்பிரசர், குளிரூட்டி, ஹைட்ரோலிக் பம்பு, நைதரசன் வண்டி, இரவு வேலைக்கு விளக்கு வண்டி, குண்டு தூக்கும் தாழ்ந்த லொறி. ஊரில் இதற்கு ஐந்து கடை வேண்டும்: கராஜ், வயரிங் கடை, ஏ.சி. திருத்துகிறவர், ஹோஸ் அமுக்குகிறவர், டயர் கடை. அங்கே ஒரே ஆள் எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெனரேற்றரை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், செக்கனுக்கு 50 அலைவு. விமானத்துக்குள் ஓடுவது 115 வோல்ட், செக்கனுக்கு 400 அலைவு. ஏன் இப்படி என்று விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் யோசியுங்கள். அலைவு கூடினால் ட்ரான்ஸ்ஃபோமருக்கும் மோட்டாருக்கும் தேவைப்படும் இரும்பு குறையும். இரும்பு குறைந்தால் பாரம் குறையும். வானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் எண்ணெய் எரிய வேண்டும். அதனால் விமானம் தரையில் நிற்கும்போது சுவரிலுள்ள பிளக்கில் நேரே குத்த முடியாது. அதற்கென்று தனியாக 400 அலைவு தரும் சாதனம் பக்கத்தில் நிற்க வேண்டும். வோல்ட்டோ அலைவோ எல்லை தாண்டினால் விமானி அறையிலுள்ள கருவிகள் கருகிவிடும். சில ஜெனரேற்றர்கள் மின்சாரத்தோடு அழுத்தக் காற்றும் கொடுக்கும். அந்தக் காற்றால்தான் பல ஜெட் எஞ்சின்களைச் சுற்றித் தொடங்குவார்கள். தம்பி, உன் கேள்விக்கு நேர்ப்பதில் இதுதான்: கயிறும் இல்லை, பல விமானங்களில் செல்ஃபும் இல்லை, காற்று.

ஒரு சாதனத்தில் ஆபத்தான பழுது கண்டால் அதன் பதிவேட்டில் சிவப்பால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாதனத்தைக் கேணலாலும் தொட முடியாது. வேலையைச் செய்து முடித்து, அதைப் பார்வையிட அதிகாரம் உள்ளவர் கையெழுத்து வைத்தால்தான் குறி நீங்கும். சிவப்புக் குறி போடுகிறவர் படையில் மிகக் கீழ்நிலையில் இருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

1969 ஜனவரி 14. ஹவாய்க்கு அருகே அமெரிக்காவின் என்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல். காலையில் மேல்தளத்தில் விமானங்கள் புறப்படத் தயாராகின்றன. அழுத்தக் காற்று ஊதி எஞ்சினைத் தொடக்கும் ட்ரக்டர் ஒன்று ஃபாண்டம் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறது. அதன் புகைக்குழாயிலிருந்து வரும் வெப்பம் சிறகுக்குக் கீழே தொங்கிய ராக்கெட் ஒன்றின் தலையில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ராக்கெட் சூடேறி வெடித்தது. அதிலிருந்து எண்ணெய், எண்ணெயிலிருந்து மற்றக் குண்டுகள். 28 பேர் இறந்தார்கள், 314 பேர் காயப்பட்டார்கள், 15 விமானங்கள் அழிந்தன. எதிரி யாரும் இல்லை. ஒரு வண்டி நின்ற இடமும் அதன் குழாய் பார்த்த திசையும்தான்.

இரண்டாவது படை விமானம் அல்ல, பயணிகள் விமானம். ஆனால் அதே தரை வேலை. 1986 மார்ச் 31, மெக்சிக்கோ. விமான டயருக்கு நைதரசன் அடிக்க வேண்டிய இடத்தில் சாதாரணக் காற்று அடிக்கப்பட்டிருந்தது. பிரேக் சூடேறிய நிலையில் மேலே போன பிறகு டயர் வெடித்து, எண்ணெய்க் குழாயையும் ஹைட்ரோலிக் குழாயையும் கிழித்தது. 167 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சாதாரணக் காற்றில் ஒட்சிசன் இருக்கிறது, சூட்டில் அது தீக்குத் துணைபோகும். நைதரசன் அப்படியல்ல. இது எங்கள் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலுள்ள விடயம்தான். "இதெல்லாம் படிச்சு என்ன சேர் பிரயோசனம்?" என்று இனி யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்வோம்.

இதை எழுதியதால் பிள்ளைகளைப் படையில் சேருங்கள் என்று சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். குண்டு தூக்கும் லொறி எதைத் தூக்குகிறது, அது எங்கே விழுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். இந்த மாவட்டத்தில் அதைத் தெரியாதவர் யார்? அவரவர் முடிவு அவரவருக்கு. விமானப்படையில் தொழினுட்பப் பிரிவுகள் உண்டு, ஏக்கலையில் தொழிற் பயிற்சிப் பாடசாலை உண்டு, அது ஒரு வழி. கட்டுநாயக்காவிலும் டோஹாவிலும் துபாயிலும் ரியாதிலும் பயணிகள் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற 400 அலைவு ஜெனரேற்றரும் இழுவை ட்ரக்டரும் இதே இனச் சாதனங்கள்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த விமான நிலையங்களுக்குப் போகிறார்கள். பெட்டி தூக்கப் போகிறார்கள். பெட்டி ஏற்றுகிற பெல்ட் நின்றுபோனால் திருத்த இன்னொரு நாட்டு ஆள் வருகிறார். பெட்டி தூக்குவது குறைவான வேலை அல்ல, ஹலாலான உழைப்பு. ஆனால் உயர் தரத்தில் பொறியியல் தொழினுட்பம் எடுக்க வந்த பிள்ளையை "கராஜுக்குப் போகவா படிப்பிச்சன்" என்று வீட்டில் மறித்து, கலைப்பிரிவுக்கு அனுப்பி, கடைசியில் அந்தப் பெட்டிக்கே அனுப்புவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெயர் சொல்லாமல் சொல்கிறோம், இந்த வருடம் மட்டும் எங்கள் வகுப்பில் இப்படி மூன்று பேர்.

கேள்வி கேட்ட பொடியனைப் போன வாரம் கூப்பிட்டு, காற்றால்தான் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்று சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் காத்தடிக்கிற எஞ்சின ஸ்டார்ட் பண்ணுற எப்பிடி சேர்?" என்றான். பற்றரியால் என்று சொன்னோம். "அது இறங்கினா?" என்றான். இப்போது அவன் வாப்பாவின் கடைக்கு ஒரு நாள் போய்ச் சேர்ந்திருந்து பேசுவதாக இருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் மூத்தவாப்பாமார், மூத்தம்மாமார் சீனன்குடா 'பேஸ்' பற்றிச் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். வேலை அட்டை, தகரப் பாஸ், பழைய படம், அந்தக் காலத்து ஸ்பெனர், எண்ணெய்ப் பீப்பா, எது இருந்தாலும் படம் எடுத்துப் போடுங்கள். ஓடுபாதைக்குக் கல் சுமந்த எங்கள் ஆட்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினொரு பெயர். பன்னிரண்டாவது உங்கள் வீட்டில் இருக்கலாம்.